நீலவேணிக்குக் கூடிய சனம்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை, கட்லட்டுக்கு மீன் உதிர்த்துக்கொண்டிருந்த குமுதினி, கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அந்தப் படத்தைக் குழுவில் போட்டாள்.

சிவசக்தியின் படம். போன தைப்பொங்கலுக்கு எடுத்தது. பச்சைச் சேலை, காதில் சின்னத் தோடு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். படத்தின் கீழே குமுதினி எழுதினாள்: ‘என்ர அண்ணையின்ர மனிசி. புதன்கிழமையிலிருந்து காணேல்லை. ஆரும் கண்டால் உடனே எனக்கு அறிவியுங்கோ.’

அது ‘நீலவேணி இல்லம்’ தொடர் நாடகத்தின் ரசிகைகளுக்காக அவளே தொலைபேசியில் தொடங்கிய குழு. ஜேர்மனியில் அவள் இருக்கிற டோர்ட்மண்டில் தொடங்கி, டுசல்டோர்ஃப், பான் நகரம் வரைக்கும் தமிழ்ப் பெண்கள் இருக்கிற ஊர்களில் எல்லாம் அதில் ஆட்கள் இருந்தார்கள். ரயிலில், கடையில், கோயிலில் எங்கே போனாலும் அந்தக் கண்களில் ஒன்று படாமல் ஒரு தமிழ்ப் பெண் நடமாட முடியாது. பொலிசுக்குப் போனால் மானம் போய்விடும் என்று அண்ணன் கனகலிங்கம் சொன்னபோது, குமுதினிக்குக் கை கொடுத்தது குழுவில் படம் போடுகிற யோசனைதான்.

மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், இந்த வினை தன் வாயிலிருந்து தொடங்கியது என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டேயிருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கனகலிங்கம் தொலைபேசியில் அழைத்திருந்தார். ஊர்ப் புதினம் கேட்டார், அவள் புருசன் யோகலிங்கத்தின் வேலை கேட்டார். பிறகு, சும்மா கேட்பது போல, சிவசக்தி சனிக்கிழமைகளில் உங்கட நாடகக் கூட்டத்துக்குத்தானே வாறவள் என்று கேட்டார். குமுதினி கபடமில்லாமல் சொல்லிவிட்டாள். இல்லையே அண்ணை, மூன்று நாலு கிழமையாகக் காணவில்லை, சுகமில்லையோ என்று நானே கேட்க இருந்தேன் என்றாள். சரி பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போன சிவசக்தி வீடு திரும்பவில்லை.

படத்தைப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கை மசித்து, வெங்காயம் வதக்கி, மறுபடி தொலைபேசியை எடுத்துப் பார்த்தபோது படம் அங்கே இல்லை. ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தது.

அந்தக் குழுவில் ஒரு செய்தியை நீக்குகிற அதிகாரம் இரண்டு பேருக்குத்தான். ஒருத்தி குமுதினி. மற்றவள் அவளுடைய மகள் சுபானி.

சுபானி பானில் இயன்முறை மருத்துவராக வேலை செய்கிறாள். அங்கேயே தனி வீடு. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அநேகமாக வந்துவிடுவாள். வந்தால் நாடகம் பார்க்கமாட்டாள், கதிரை தூக்குவாள், தேநீர் ஊற்றுவாள். இன்றைக்குத் தொடரின் கடைசிக் கிழமை, கட்டாயம் வருவாள் என்றுதான் குமுதினி நினைத்திருந்தாள்.

தாய் அழைப்பதற்கு முன்னமே மகள் அழைத்தாள்.

“அம்மா, அந்தப் படத்தை நான்தான் அழிச்சனான். திருப்பிப் போட வேண்டாம்.”

“ஏன்?”

“மாமி இங்கைதான் இருக்கிறா. எனக்குக் கிட்ட ஒரு அறையிலை.”

குமுதினி அடுப்பை அணைத்தாள். கருகத் தொடங்கின வெங்காயச் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு மகள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமைகளில் நாடகக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று புருசனிடம் சொல்லிவிட்டு, சிவசக்தி பானுக்கு ரயில் ஏறியிருக்கிறாள். கனகலிங்கம் மனைவியைத் தனியே விட்ட ஒரே இடம் தங்கச்சியின் கூட்டம்தான். வேலைக்கு அவரே கொண்டுபோய் இறக்கி அவரே ஏற்றி வருவார். கடைக்கும் அப்படித்தான். பானில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை தேடிப் பிடித்தாயிற்று, பிறகு ஓர் அறையும் எடுத்தாயிற்று. மாதம் முடிகிற சனிக்கிழமை, நாடகத்துக்குப் போவதுபோலப் புறப்பட்டு ஒரேயடியாக வந்துவிடுவதாகத் திட்டம்.

செவ்வாய்க்கிழமைத் தொலைபேசி அதைக் குலைத்துவிட்டது.

“அண்டைக்கு இரவு மாமா அவவைப் பல்கனியிலை விட்டுக் கதவைப் பூட்டினவர். விடியுமட்டும் திறக்கேல்லை. வீட்டுச் சட்டையோடை நிண்டவ அம்மா. இந்தக் குளிருக்கை.”

அன்றிரவு தான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, வெளியே உறைபனி என்று புருசனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

“என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே பிள்ளை. அண்ணை கேட்டால் வாறவ எண்டு சொல்லியிருப்பனே.”

“சொல்லியிருப்பியளோ?”

தாய் ஆறிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கிளறினாள்.

“முந்தி ஒருக்கா மாமி உங்களிட்டை வந்து சொன்னவ. உங்கட குசினியிலை வைச்சு. நீங்கள் என்ன சொன்னனீங்கள்? அண்ணை கோவக்காரன், மனசுக்குள்ளை ஒண்டும் இல்லை எண்டனீங்கள். அதுக்குப் பிறகு உங்களுக்குத் தெரிஞ்சால் மாமாவுக்குத் தெரிஞ்ச மாதிரி எண்டு அவ சொன்னா. நானும் ஓம் எண்டனான்.”

அந்த அறை இருக்கிற தெருவின் பெயரைச் சுபானி சொல்லவில்லை. குமுதினியும் கேட்கவில்லை. மாமா கூட்டத்துக்கு வந்தாலும் வருவார், ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று மட்டும் மகள் கேட்டுக்கொண்டாள்.

தொலைபேசியை வைத்த பிறகும் குமுதினி அங்கேயே நின்றாள். தன் கையால் கட்டிய கூட்டத்தைத் தன் வீட்டுப் பெண்கள் தனக்கே தெரியாமல் மறைப்பாக்கியிருக்கிறார்கள். அது சுட்டது. அவர்கள் தன்னைப் பற்றி நினைத்தது சரியாகவே இருந்தது. அது அதைவிடச் சுட்டது.

பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கட்லட்டை உருட்டத் தொடங்கினாள்.

அந்தக் கூட்டம் ஒரு வெதுப்பகத்தின் மூலை மேசையில் தொடங்கியது. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை முடித்துக் களைத்து வருகிற குமுதினியும், முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிற பிளோறன்ஸும் அங்கே கோப்பி குடிப்பார்கள். ஒருநாள் நீலவேணி மாமியார் காலில் விழுந்தது சரியா பிழையா என்று இருவரும் சத்தமாகச் சண்டை பிடித்தபோது, பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் திரும்பி, விழுந்தது பிழை அக்கா என்று தமிழில் சொன்னாள். மூவரும் ஐவரானார்கள். ஐவர் பதினைவரானார்கள். பிறகு மேசை போதாமல், மதுக்கடை நடத்துகிற ஃபிராவ் லீவர்ஸ் என்ற பெண்மணி, சனிக்கிழமைப் பின்னேரங்களில் சும்மா கிடக்கிற தன் பின்னறையைத் தந்தாள்.

குமுதினிக்கு வாழ்க்கையில் யாரும் ஒரு பொறுப்பும் தந்ததில்லை. கோயில் நிர்வாகத்தில் ஆண்கள், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இங்கே மட்டும் அவள் சொன்னால் நடந்தது. யாருக்கு எங்கே கதிரை, எத்தனை மணிக்குத் தேநீர், எந்தக் காட்சிக்குப் பிறகு வாக்கெடுப்பு என்பதெல்லாம் அவள் முடிவு. நீலவேணி கட்சி சுவர்ப் பக்கம், மாமியார் கட்சி யன்னல் பக்கம். கிழமை முழுக்க வந்த பகுதிகளை வீட்டில் பார்க்காமல் சேர்த்து வைத்து, சனிக்கிழமை ஒன்றாகப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்தவள் வாயைத் திறக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தாள். நாடகத்து வீட்டைத் தவிர வேறு வீட்டுக் கதை அந்த அறைக்குள் பேசக்கூடாது. ஊர்வம்பு நுழையாமல் இருக்கத்தான் அதைப் போட்டாள். அதைக் கேட்டு எத்தனை பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்களோ, எத்தனை பேர் சொல்ல வந்ததை விழுங்கினார்களோ, அவளுக்குத் தெரியாது.

பின்னேரம் அறை நிறைந்துவிட்டது. கதிரை போதாமல் ஃபிராவ் லீவர்ஸ் முன்பக்கத்திலிருந்து நீள வாங்குகளை இழுத்துத் தந்தாள். ஈரக் குடைகள் கதவடியில் குவிந்தன. பிளோறன்ஸ் தன் தேவாலயத்திலிருந்து இரவல் வாங்கி வந்த புரொஜெக்டரை மேசையில் வைத்து, வெள்ளைச் சீலையைச் சுவரில் கட்டினாள். ரோல்ஸும் கட்லட்டும் வடையும் தட்டுத் தட்டாக வந்தன.

ஆனால் சிரிப்புச் சத்தம் இல்லை. காலையில் படத்தைப் பார்க்காதவர்கள் யாருமில்லை. அது மறைந்ததைக் கவனிக்காதவர்களும் இல்லை. குமுதினி ஒரு மேசைக்குப் போனால் பேச்சு நின்றது, விலகினால் தொடர்ந்தது. பிளோறன்ஸ் மட்டும் நேராகக் கேட்டாள். மச்சாள் உயிரோடு இருக்கிறாவா என்று மட்டும் சொல், வேறு ஒன்றும் வேண்டாம் என்றாள். குமுதினி ஓம் என்று தலையை ஆட்டினாள். பிளோறன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு வயரைச் செருகப் போனாள்.

விளக்கை அணைத்தார்கள்.

நாடகம் நின்றிருந்த இடம் இதுதான்: நீலவேணியை மழையில் வெளியே தள்ளிய புருசன், இரண்டு மாதமாக அவள் வாசலுக்கு வந்து வந்து கெஞ்சுகிறான். போவாளா, மாட்டாளா? குமுதினி ஒவ்வொரு சனிக்கிழமையும் வாக்கெடுப்பு வைத்தாள். போகவேண்டும் என்று இதுவரை ஒரு கை உயரவில்லை. மாமியார் கட்சிகூட உயர்த்தவில்லை. போகக்கூடாது என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் மங்கையற்கரசி. கோயில் தலைவரின் மனைவி, முன்வரிசைக்காரி. இப்படியொருத்தனுக்குக் கதவு திறக்கிறவள் பொம்பிளையே இல்லை என்று போன கிழமை எழுந்து நின்று சொல்லியிருந்தாள்.

மூன்றாவது பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

கனகலிங்கம் வந்தார். சவரம் செய்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, செத்தவீட்டுக்கு வந்தவர்போல் வந்தார். யாரையும் பார்க்காமல் கதிரைகளுக்கு நடுவால் நடந்து சீலைக்கு முன்னால் போய் நின்றார். நீலவேணியின் முகம் அவருடைய கோட்டில் விழுந்து நெளிந்தது. பிளோறன்ஸ் படத்தை நிறுத்தினாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் குமுதினிக்கு இலேசாக இருந்திருக்கும்.

“தங்கச்சி, படத்தைப் போட்டுப்போட்டு ஏன் எடுத்தனி?”

தவறுதலாக அழிந்துவிட்டது அண்ணை, இப்போதே திருப்பிப் போடுகிறேன். இந்தப் பொய்யை அவள் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இப்போது அது வாய்க்கு வரவில்லை. அண்ணன் இமைக்காமல் பார்த்தார். அம்மா செத்த பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவர். முதலில் தான் வந்து, பாத்திரம் கழுவி, பிறகு அவளை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். அந்த முகத்துக்கு அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

“ஓம் அண்ணை. அவ எங்கை எண்டு எனக்குத் தெரியும். சொல்லமாட்டன்.”

யாரோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“நான் உனக்கு ஆர்?”

“அண்ணை.”

“அவள் ஆர்?”

குமுதினி பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

“அவவைப் பல்கனியிலை விட்டுப் பூட்டினனீங்களோ?”

இல்லை என்று சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். சொல்லவேண்டும் என்று விரும்பினாள் என்பதுதான் சரி. அவர் கோட்டின் பொத்தானைத் தடவினார்.

“அது புருசன் பொஞ்சாதிக் கதை. உனக்கு அது தேவையில்லை.”

பிறகு அவர் பெண்களின் பக்கம் திரும்பினார். இங்கே வந்து இருக்கிற எல்லாருடைய புருசன்மாரையும் தனக்குத் தெரியும் என்றார். நாடகம் பார்க்கிற இடம் என்று அவர்கள் நம்பி அனுப்புகிறார்கள், குடும்பம் பிரிக்கிற இடம் என்று அவர்களுக்கும் தெரியவேண்டும், நான் ஒவ்வொருவரோடும் கதைக்கிறேன் என்று மரியாதையாகச் சொன்னார். வந்த வழியே போனார். போகும்போது விழுந்து கிடந்த ஒரு குடையை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டுப் போனார்.

பிளோறன்ஸ் யாரையும் கேட்காமல் படத்தை மறுபடி ஓடவிட்டாள்.

நான்காவது பகுதியின் முடிவில் நீலவேணி வாசலுக்கு வந்தாள். புருசன் கை கூப்பினான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல், கதவைச் சாத்தினாள்.

இரண்டு மாதமாக இந்த அறை காத்திருந்த காட்சி அது. யாரும் கை தட்டவில்லை.

மங்கையற்கரசி எழுந்து கோட்டை எடுத்தாள். இன்னும் ஒரு பகுதி இருக்கிறது என்று பிளோறன்ஸ் சொன்னாள். மங்கையற்கரசி குமுதினியிடம் வந்து அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கை சூடாக, அன்பாகத்தான் இருந்தது.

“பிழையா எடுக்காதையுங்கோ குமுது. நாடகம் வேறை, வீடு வேறை.”

அவள் எழுந்ததும் அவளோடு வந்தவர்கள் எழுந்தார்கள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். பிள்ளைக்குச் சாப்பாடு, நாளைக்கு வேலை, பஸ் போய்விடும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காரணம் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு போனவர்களும் உண்டு. டுசல்டோர்ஃபிலிருந்து வந்த கணினிக்காரப் பெண்கள் இருவர், இந்தியப் பிள்ளைகள், கடைசியாக நின்று பார்த்துவிட்டு, “சாரி ஆன்ட்டி, ட்ரெயினுக்கு டைம் ஆயிடுச்சு,” என்றார்கள்.

ஒருத்தி மட்டும், பெயர்கூட குமுதினிக்குச் சரியாக நினைவில்லாத ஒரு மெல்லிய பெண், வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். உங்கட மச்சாள் மாதிரி வெளியே போய் இருக்க ஓர் இடம் எடுப்பது எப்படி, யாரிடம் கேட்கவேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள். குமுதினி வாய் திறப்பதற்குள், வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஒன்றும் கேட்காதவள்போல ஓடிவிட்டாள்.

கடைசிப் பகுதியைக் குமுதினியும் பிளோறன்ஸும் பார்த்தார்கள். நீலவேணி கடை திறந்தாள், குத்துவிளக்கு ஏற்றினாள், எல்லாரும் பூத் தூவினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

கதிரைகளை அடுக்கும்போது ஃபிராவ் லீவர்ஸ் எட்டிப் பார்த்தாள். அடுத்த கிழமை புதுத் தொடர் ஏதும் உண்டா என்று கேட்டாள். தெரியாது என்று குமுதினி சொன்னாள். அவள் கையில் இரண்டு கட்லட்டைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ட்ராமில் இருந்தபடியே குழுவைத் திறந்து பார்த்தாள். விலகினார், விலகினார், விலகினார் என்று வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது. பாதியில் மூடிவிட்டாள்.

ஆனாலும் நெஞ்சுக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் ஒரு சின்ன நிமிர்வு இருந்தது. சொல்லவில்லை. அத்தனை பேருக்கு முன்னால், அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்லவில்லை. இன்றைக்கு இரவே சுபானியிடம் இதைச் சொல்லவேண்டும். மகள் ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடும்.

வீட்டில் யோகலிங்கம் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே குடித்து முடித்த ஒரு தேநீர்க் கோப்பை. வந்தது யார் என்று அவள் கேட்கத் தேவையில்லாமல் அவரே சொன்னார். உன்ர அண்ணன் வந்தவன், நேராகக் கூட்டத்திலிருந்துதான் வந்தான், சின்னப்பிள்ளை மாதிரி இருந்து அழுதான், பார்க்கப் பாவமாகப் போய்விட்டது என்றார்.

“என்ன சொன்னனீங்கள்?”

யோகலிங்கம் சோற்றைப் பிசைந்தார்.

“கேட்டான். விலாசத்தைச் சொன்னன். எவ்வளவு காலத்துக்கு ஒளிக்கிறது? மனிசனும் மனிசியும் கதைச்சுத் தீர்க்கட்டும்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“உங்களுக்கு எப்பிடி விலாசம் தெரியும்?”

“அந்த அறைக்குக் கட்டில் ஏத்திக்கொண்டு போனது நான்தானே. ரெண்டு கிழமைக்கு முதல். சுபானி கேட்டவள்.” கொஞ்சம் பொறுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சேர்த்தார். “உன்னட்டைச் சொல்ல வேண்டாம் எண்டும் சொன்னவள்.”

குமுதினி கோட்டைக் கழற்றவில்லை. இந்தக் குடும்பத்தில் மூன்று பேர். இரண்டு பேர் ஓர் இரகசியத்தை வைத்திருந்தார்கள், மூன்றாவது ஆளை நம்பமுடியாது என்று. நம்பப்பட்டவர் சோறு சாப்பிட்டுக்கொண்டே அதைக் கொடுத்துவிட்டார். நம்பப்படாதவள் தன்னிடம் இருந்த ஒரேயொரு கூட்டத்தை இழந்துவிட்டு வந்து நிற்கிறாள். கத்தவேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கு நேரமில்லை. எப்போது போனார் என்று கேட்டாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலிருக்கும் என்றார்.

சிவசக்தியின் எண்ணுக்கு அழைத்தாள். ஒருமுறை ஒலித்து நின்றது. மறுபடி அழைத்தாள். அதுவும் நின்றது. எடுக்கக்கூடாத பெயர்களில் தன் பெயரும் ஒன்று என்று அவளுக்கு விளங்கியது.

சுபானி உடனே எடுத்தாள். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

“மாமாவின்ர கார் கீழ வந்து நிக்குது. நான் மாமியோடைதான் நிக்கிறன். நீங்கள் சொல்லிப்போட்டியள் என்ன?”

குமுதினி புருசனைப் பார்த்தாள். அவர் சாப்பாட்டுக் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மகள் தகப்பன்மேல் உயிரையே வைத்திருக்கிறவள்.

“ஆர் சொன்னதெண்டு பிறகு பாப்பம். பொலிசுக்குப் போன் அடி.”

“மாமி வேண்டாம் எண்டுறா.”

“அப்ப கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கை இருங்கோ. நான் வாறன்.”

“நீங்கள் வரவேண்டாம் அம்மா,” என்று சுபானி சொன்னாள். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். தொடர்பு நின்றது.

யோகலிங்கம் காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். அவள் படியிறங்கினாள்.

புகையிரத நிலையத்தில் சனிக்கிழமைக் கூட்டம். உதைபந்தாட்டம் பார்த்துவிட்டு வந்தவர்கள் மஞ்சள் சால்வைகளோடு பாடிக்கொண்டு நின்றார்கள். தோற்றவர்களா வென்றவர்களா என்று தெரியவில்லை, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார்கள். பானுக்குப் போகிற ரயில் தாமதம் என்று அறிவித்தார்கள். அவள் மேடை ஓரத்தில் நின்றாள். தெருவின் பெயர் இப்போதும் தெரியாது. போய் இறங்கி யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

தொலைபேசி ஒலித்தது. அண்ணன்.

எடுத்தாள். பின்னால் மாடிப்படியின் எதிரொலி. யாரோ கட்டடக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அவர் அறை வாசலிலேயே நிற்கிறார்.

“தங்கச்சி, கதவைப் பூட்டிக்கொண்டு நிக்கினம். நான் ஒண்டும் செய்யமாட்டன், கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான். இண்டைக்குப் பின்னேரம் நீ என்னை அத்தனை சனத்துக்கு முன்னாலை வெக்கப்படுத்தினனி. அதை நான் மறக்கிறன். ஸ்பீக்கரிலை போட்டிருக்கிறன். திறக்கச் சொல்லு. நீ சொன்னால் அவள் நம்புவாள்.”

நீ சொன்னால் நம்புவாள். அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பாட்டுச் சத்தத்தில் காது அடைத்தது. மறு காதைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. அதற்கும் அப்பால், ஒரு பலகைக் கதவுக்குப் பின்னால், ஒரு பெண் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கவேண்டும்.

குமுதினி முடிந்தவரை சத்தமாகச் சொன்னாள்.

“மச்சாள், கதவைத் திறக்காதையுங்கோ.”

பாடிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தொலைபேசியில் ஏதோ ஒன்று மரத்தில் மோதிய சத்தம் வந்தது, கையா, தொலைபேசியா, கதவா என்று பிரித்தறிய முடியாத ஒரு சத்தம். அவள் சொன்னது சிவசக்திக்குக் கேட்டதோ இல்லையோ, அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.